பிள்ளைகளின் நெற்றிக்கு மார்க் போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையின் ஈ.ஈ.ஜி. அறையில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை, டெக்னீஷியன். நோயாளியின் தலையில் வயர்களை ஒட்டி, மூளையிலிருந்து வரும் மின் அலைகளைப் பதிவு செய்து நரம்பியல் டாக்டரிடம் கொடுப்பேன். அதைப் படித்துச் சொல்வது அவர் பொறுப்பு. இத்தனை வருஷத்தில் பத்திரிகைக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. போன மாதம் என் தம்பி மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்த ஒரு தாள்தான் என்னை எழுத வைத்திருக்கிறது.

அவளுடைய மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. பள்ளியில் சாயங்காலம் ‘கவனப் பயிற்சி’ என்று ஒரு வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். அதற்குத் தனிக் கட்டணம். பிள்ளையின் நெற்றியில் ஒரு பட்டை, காதில் ஒரு கிளிப். பிள்ளைகள் கணக்குப் போடப் போட, டீச்சர் கையிலிருக்கும் போனில் ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஓர் எண் ஏறி இறங்குமாம். வாரக் கடைசியில் அது கலர் பிரிண்ட் ஆகி வீட்டுக்கு வருகிறது. எங்கள் பிள்ளையின் தாளில் ‘கவனம் 41’ என்று சிவப்பில் போட்டிருந்தது. தம்பி மகள் அதை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது பிள்ளை பக்கத்தில் வந்து, “ஆச்சி, என் மூளை ஃபெயிலாயிட்டா?” என்று கேட்டாள்.

அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவள் அம்மா, “அத்தே, நீங்க இதுலயே கெடந்தவங்க. இது நெசமாவே மூளையப் பாக்குதா?” என்றாள். அவளுக்கு நான் சொன்ன பதிலை இந்தக் கருவியை வாங்கப் போகிற, வாங்கிவிட்ட எல்லாப் பெற்றோருக்கும் சொல்ல நினைக்கிறேன்.

மூளைக்குள் மின்சாரம் ஓடுவது உண்மை. அதைத் தலையைத் திறக்காமல் வெளியிலிருந்து பதிவு செய்யலாம் என்பதும் உண்மை. ஜெர்மனியில் யேனா என்ற ஊரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் 1924-ல் முதன்முதலாக மனித மூளையின் அலைகளைப் பதிவு செய்தார். ஐந்து வருஷம் திரும்பத் திரும்பச் சரிபார்த்த பிறகுதான், 1929-ல், வெளியிட்டார். அவர் இந்த வேலையில் இறங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. இளம் வயதில் ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து சாகப் பார்த்தார். அன்றைக்கே, எங்கோ தூரத்தில் இருந்த அவருடைய அக்காவுக்கு, தம்பிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மனசுக்குப் பட்டு, வீட்டிலிருந்து தந்தி வந்தது. எண்ணம் ஒரு மூளையிலிருந்து இன்னொரு மூளைக்குப் போகிறதா என்று தேடித்தான் அவர் வாழ்நாள் முழுவதும் அலைந்தார். கடைசியில் கிடைத்தது எண்ணம் இல்லை. கண்ணை மூடினால் விநாடிக்குப் பத்துத் தடவை போலத் துடித்து, கண்ணைத் திறந்தால் அடங்கிப்போகும் ஒரு அலை. ஆல்ஃபா அலை என்று அதற்கு அவரே பெயர் வைத்தார். நான் ஆயிரக்கணக்கானவர்களிடம் “கண்ணை மூடுங்க, திறங்க” என்று சொல்லி அந்த அலை வருவதையும் போவதையும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அது எனக்கு ஆச்சரியம்தான். ஆனால் அந்த அலையை வைத்து, படுத்திருப்பவர் என்ன நினைக்கிறார் என்று சொல்ல முடியாது.

ஆனித் தேரோட்டத்தன்று நெல்லை டவுணில் நாலு தெரு தள்ளி ஒரு மொட்டை மாடியில் நின்று பாருங்கள். கூட்டம் போடும் சத்தம் கேட்கும். தேர் நகர்ந்துவிட்டது, நின்றுவிட்டது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். வடத்தை யார் முழு மனசோடு இழுத்தார், யார் சும்மா பிடித்துக்கொண்டு நடந்தார் என்று அங்கிருந்து சொல்ல முடியுமா? ஈ.ஈ.ஜி.யும் அப்படித்தான். ஆயிரக்கணக்கான நரம்பணுக்கள் ஒன்றாகச் சேர்ந்து துடிக்கும்போதுதான், மண்டை ஓட்டையும் தோலையும் தாண்டி ஒரு மெல்லிய சத்தமாக அது வெளியே வருகிறது.

எவ்வளவு மெல்லியது என்றால், பெரும்பாலும் பத்திலிருந்து நூறு மைக்ரோவோல்ட்டுக்குள். டார்ச்சில் போடுகிற சாதாரண பேட்டரி ஒன்றரை வோல்ட். அதை முப்பதாயிரமாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு ஐம்பது மைக்ரோவோல்ட். அந்த ஒரு பங்கைப் பிடிக்க எங்கள் அறையில் நாங்கள் படும் பாட்டைக் கேளுங்கள். முந்தின நாளே தலைக்குச் சீயக்காயோ ஷாம்புவோ போட்டுக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்வோம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளை எண்ணெய் இல்லாமல் அனுப்ப எந்த ஆச்சி சம்மதிப்பாள்? பாதிப் பேர் எண்ணெய் வழியத்தான் வருவார்கள். துடைத்து எடுப்போம். மூக்கின் வேரிலிருந்து பின்மண்டை மேட்டுவரை டேப் வைத்து அளந்து, அதைப் பத்து சதவீதம், இருபது சதவீதமாகப் பிரித்து, மெழுகுப் பென்சிலால் புள்ளி வைப்போம். காதிலிருந்து காதுக்கும் அப்படியே. உலகம் முழுக்க இந்த ஒரே முறைதான், 1958-லிருந்து. ஒவ்வொரு புள்ளியிலும் முடியை வகிடு எடுத்து விலக்கி, தோலை லேசாகத் தேய்த்து, பேஸ்ட் வைத்து ஒரு எலெக்ட்ரோடு. காதையும் சேர்த்து இருபத்தொன்று. இதற்கே முக்கால் மணி நேரம் ஆகும். சுற்றிலும் இருக்கும் கரண்ட் ஒயரின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு உள்ளே புகாமல் ஒவ்வொரு தொடுப்பையும் சோதிப்போம். சித்திரை மாதத்து வெயிலில் ஏ.சி. நின்றுபோனால், வேர்வையிலேயே கோடுகள் எல்லாம் வாய்க்கால் தண்ணீர் போல மேலும் கீழும் அலையும். அன்றைக்குப் பதிவை நிறுத்திவிட வேண்டியதுதான்.

இவ்வளவு செய்த பிறகும் திரையில் வருவதெல்லாம் மூளை இல்லை. கண்ணை ஒரு தடவை சிமிட்டினால் நெற்றிக் கோட்டில் மூளை அலையைவிடப் பெரிய ஒரு மேடு எழும். பல்லைக் கடித்தால் தாடைத் தசையின் மின்சாரம் பாதிப் பக்கத்தைக் கறுப்பாக்கிவிடும். நாக்கை அசைத்தால் தெரியும், தூக்கம் வந்தால் தெரியும். கனடாவில் ஹாமில்டன் நகரத்தில் ஏட்ரியன் அப்டன் என்ற நரம்பியல் மருத்துவர் ஒரு கட்டி ஜெல்லியில் எலெக்ட்ரோடுகளைப் பொருத்திப் பதிவு எடுத்தார். சாப்பிடுகிற ஜெல்லிதான். அக்கம்பக்கத்து மருத்துவக் கருவிகளின் அதிர்வெல்லாம் சேர்ந்து, உயிருள்ள மூளையின் அலை போலவே அதில் கோடு விழுந்தது. நான் பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் டாக்டர் இந்தக் கதையைச் சொல்லி, “கோடு வந்துட்டா அது மூளைன்னு நம்பிராதம்மா” என்றார். வேலை பார்த்த நாளெல்லாம் அதுதான் எனக்கு மந்திரம்.

சரி, அந்தப் பட்டைக்கு வருகிறேன். அதற்கு எலெக்ட்ரோடு ஒன்று, காதில் ஒன்று. பேஸ்ட் கிடையாது. அதை ஏன் நெற்றியில் வைக்கிறார்கள் தெரியுமா? கவனம் நெற்றியில் இருக்கிறது என்பதால் இல்லை. நெற்றியில் முடி இல்லை, காய்ந்த உலோகம் தோலில் ஒட்டும், அதனால்தான். ஆனால் கண் அசைவும் புருவத் தசையும் மிக அதிகமாகக் குறுக்கிடும் இடமும் அதுவே. தம்பி மகளிடம் சொல்லி ஒரு சனிக்கிழமை பட்டையை வீட்டுக்கு வாங்கி வரச் செய்தேன். கூடத்தில் உட்கார்ந்து என் தலையில் மாட்டிக்கொண்டு, அவளைப் போனைப் பார்க்கச் சொன்னேன். பூ கட்டுவது போலக் கவனமாக, மனசுக்குள் பதினேழாம் வாய்ப்பாடு சொன்னேன். எண் ஐம்பதை ஒட்டி நின்றது. அப்புறம் எதையும் நினைக்காமல் புருவத்தை மட்டும் இறுக்கிச் சுருக்கிப் பல்லைக் கடித்தேன். “அத்தே, ஏறுது, ஏறுது!” என்றாள். எண்பதைத் தாண்டியது. பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தவள், “எங்க கிளாஸ்ல ஒருத்தன் இப்படித்தான் மூஞ்சிய வச்சுக்கிடுவான், அவனுக்குத்தான் எப்பவும் ஃபர்ஸ்ட்டு” என்றாள்.

என் ஒருத்தியின் சோதனையை வைத்து ஒரு கருவியையே தள்ளிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த எண் எந்தக் கணக்கில் பிறக்கிறது என்று கூட வந்த தாளில் ஒரு வரிகூட இல்லை. பொதுவாக இப்படிப்பட்ட கணக்குகளில் மெதுவான அலை கூடினால் கவனம் குறைவு என்றும், வேகமான அலை கூடினால் கவனம் அதிகம் என்றும் வைத்துக்கொள்வார்கள். தசை இறுகினால் வருவதும் வேகமான அலைதான். இன்னொன்று, சின்னப் பிள்ளைகளின் மூளையில் மெதுவான அலை கூடுதலாக இருப்பதுதான் இயல்பு. கண் மூடியிருக்கும்போது பின்மண்டையில் வரும் அந்தத் தாளம் மூன்று வயதில் விநாடிக்கு எட்டு அளவில் இருக்கும். பத்து என்ற அளவைத் தொட, பிள்ளைக்கே பத்து வயதுக்கு மேல் ஆகிவிடும். பள்ளி விட்டு நாலரை மணிக்கு, களைத்துப்போய், பாதித் தூக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு மெதுவான அலை வராமல் என்ன வரும்?

மெதுவான அலைக்கும் வேகமான அலைக்கும் உள்ள விகிதத்தை வைத்து, கவனக் குறைபாட்டைக் கண்டறிய டாக்டருக்கு ஒரு துணையாக இருக்கட்டும் என்று அமெரிக்காவில் 2013-ல் ஒரு கருவிக்கு அரசு அனுமதி கொடுத்தது. அது மருத்துவக் கருவி, டாக்டர் கையில் இருப்பது. அதையே மருத்துவப் பரிசோதனைக்குப் பதிலாகப் பயன்படுத்தக் கூடாது என்று அந்த நாட்டு நரம்பியல் மருத்துவர் கழகம் 2016-ல் அறிவுரை சொன்னது. அங்கே டாக்டரே செய்யக் கூடாது என்றதை இங்கே மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு, ஒரே ஒரு காய்ந்த எலெக்ட்ரோடை வைத்துச் செய்கிறோம்.

எனக்கு உண்மையில் பயம் தருவது இனி சொல்லப் போவதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் மானூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பையனை அவன் ஆச்சி கூட்டிவந்தாள். ஏழு வயது இருக்கும். பள்ளிக்கூடத்தில் பராக்குப் பார்க்கிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை, எழுதிக்கொண்டே இருக்கும்போது பாதி வரியில் நிறுத்திவிடுகிறான் என்று புகார். அடியும் வாங்கியிருந்தான், முழங்கையில் தழும்பு பார்த்தேன். எங்கள் அறையில் நான் எப்போதும் ஓலைக் காத்தாடி வைத்திருப்பேன். பனை ஓலையைக் கிழித்து, மடித்து, உடைமுள்ளில் குத்திய காத்தாடி. மூன்று நிமிஷம் விடாமல் வேகமாக மூச்சு விடுவது ஈ.ஈ.ஜி.யில் ஒரு பரிசோதனை. “மூச்சு விடு” என்றால் பிள்ளைகள் செய்யமாட்டார்கள், “காத்தாடி நிற்காம ஊது பாப்போம்” என்றால் செய்வார்கள். (இதை யாரும் வீட்டிலோ வகுப்பிலோ செய்து பார்க்க வேண்டாம். பக்கத்தில் டாக்டர் இருந்து செய்ய வேண்டியது.)

அவன் நன்றாக ஊதினான். காத்தாடி கிறுகிறு என்று சுற்றியது. இரண்டாவது நிமிஷம் முடியப்போகும் நேரம், காத்தாடி மெதுவாகி நின்றது. கை அப்படியே நீட்டியிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் அதில் ஆள் இல்லை. இமை மட்டும் லேசாகத் துடித்தது. திரையைப் பார்த்தேன். தலை முழுக்க, எல்லாக் கோட்டிலும், ஒரே நேரத்தில், ஒரு முள் ஒரு அலை, ஒரு முள் ஒரு அலை. விநாடிக்கு மூன்று. தையல் மிஷினில் அடித்தது போல ஒரு பிசிறு கிடையாது. அவன் காதுக்குப் பக்கத்தில் “கொய்யாப்பழம்” என்று சத்தமாகச் சொன்னேன். பதினோரு விநாடி. வந்தது போலவே சட்டென்று நின்றது. பையன் விட்ட இடத்திலிருந்து காத்தாடியை ஊதத் தொடங்கினான். “இப்ப நான் ஒரு பழம் சொன்னேனே, என்னது?” என்று கேட்டேன். “நீங்க ஒண்ணும் சொல்லலியே” என்றான்.

அது வலிப்பு. கை கால் இழுக்காத, கீழே விழாத வலிப்பு. விநாடிக்கு மூன்று என்ற இந்த வடிவத்தை 1935-லேயே பாஸ்டன் நகரத்து மருத்துவர்கள் எழுதிவைத்துவிட்டார்கள். பெரும்பாலும் நாலு வயதிலிருந்து பத்து வயதுக்குள் தொடங்கும். ஒரு நாளில் பத்து இருபது தடவை, சிலருக்கு அதற்கு மேலும் வரும். மருந்து இருக்கிறது, பெரும்பாலான பிள்ளைகளுக்கு நன்றாகக் கேட்கும், பலருக்கு வளர வளர நின்றும் போகும். டாக்டர் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்ன பிறகு அந்த ஆச்சி ஒன்றும் பேசவில்லை. பேரனின் முழங்கையைத் தடவிக்கொண்டே, “இதுக்கா பிள்ளைய அடிச்சாவ” என்றாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தப் பையன் இன்றைக்கு இந்தப் பள்ளியில் படித்தால் என்ன நடக்கும்? நெற்றிப் பட்டை மாட்டுவார்கள். ஏதோ ஒரு எண் வரும். எண் குறைவாக இருந்தால் ‘கவனம் போதாது’ என்று சிவப்பில் எழுதி, இன்னும் நாலு மாதம் பயிற்சிக்குப் பணம் கட்டச் சொல்வார்கள். எண் அதிகமாக இருந்தால் ‘மூளை நன்றாக இருக்கிறது, பையன்தான் சேட்டை’ என்று ஆகிவிடும். இரண்டு வழியிலும் அவன் டாக்டரிடம் வந்து சேரமாட்டான். மூளையைப் பார்த்தாயிற்று என்ற நம்பிக்கை பெற்றோருக்கு வந்துவிடும். பார்க்காமல் இருப்பதைவிட இது மோசம்.

தலையில் மாட்டுகிற கருவிகளே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உடம்பு முழுக்கச் செயலிழந்து, பேச்சும் போய்விட்ட நோயாளிகள் மூளை அலையை மட்டும் வைத்து ஓர் எழுத்து, ஓர் எழுத்தாகத் தேர்ந்தெடுத்துக் கடிதம் எழுதியதை ஜெர்மனியில் நீல்ஸ் பிர்பௌமர் குழு 1999-ல் உலகத்துக்குக் காட்டியது. அதைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியவர்கள் தங்கள் விருப்பத்துக்குத் தியானத்துக்கோ தூக்கத்துக்கோ ஒரு பட்டையை வாங்கிப் பார்ப்பதும் அவரவர் இஷ்டம். கல்லூரிப் பிள்ளைகள் ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்வது நல்லதுதான், அவர்கள் குறுக்கீட்டைப் பிரித்தெடுக்கக் கற்றுக்கொள்வார்கள். பிள்ளைக்கு மார்க் போட மட்டும் வேண்டாம் என்கிறேன்.

சீனாவில் ஜெஜியாங் மாகாணத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் இதே வேலை நடந்தது. பிள்ளைகளின் நெற்றிப் பட்டையில் விளக்கு எரியும், கவன எண் டீச்சருக்கும் பெற்றோருக்கும் போகும். 2019-ல் படம் வெளியே வந்து ஜனங்கள் கொதித்த பிறகு, அங்குள்ள கல்வித் துறையே நிறுத்தச் சொன்னது. சிலி நாட்டில் 2021-ல் மூளைத் தகவலைக் காக்க அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். நம் நாட்டிலும் இதற்கு ஒரு வழி இருக்கிறது. செல்வி என்ற பெண்மணியின் பெயரில் உள்ள வழக்கில் 2010 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: குற்றம் சாட்டப்பட்டவரையே ஆனாலும், அவர் சம்மதம் இல்லாமல் மூளை அலைச் சோதனைக்கு உட்படுத்தக் கூடாது. கொலை வழக்கில் நிற்பவருக்கு இருக்கிற அந்த உரிமை எட்டு வயதுப் பிள்ளைக்கு வேண்டாமா? தம்பி மகள் கையெழுத்துப் போட்ட படிவத்தை வாங்கிப் பார்த்தேன். கட்டணம், நேரம், சீருடை எல்லாம் இருந்தது. பதிவாகும் அலை யாரிடம் போகிறது, எத்தனை நாள் இருக்கும், பிள்ளை வேண்டாம் என்றால் அழிப்பார்களா என்று ஒரு வார்த்தை இல்லை. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலை எடுக்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று 2023-ல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. எதற்குச் சம்மதம் என்றே தெரியாமல் போட்ட கையெழுத்தை எப்படிச் சம்மதம் என்பது?

பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியையைப் பார்த்தேன். மரியாதையாக உட்காரவைத்துக் கேட்டார்கள். “நல்ல எண்ணத்துலதாம்மா செய்யுதோம், பக்கத்துப் பள்ளியில இருக்கு, நம்மட்ட இல்லன்னா பெத்தவங்க கேக்காங்க” என்றார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. விற்க வந்தவர் சொன்னதை நம்பியிருக்கிறார்கள். அதனால்தான் மாவட்டக் கல்வி அதிகாரிகள் இதில் தலையிட வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்கிறேன். எந்தப் பள்ளியானாலும், மூளை அலை என்று சொல்லிப் பிள்ளைகளுக்கு எண் கொடுப்பதையும், அதை ரிப்போர்ட்டில் அச்சடிப்பதையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். வகுப்பில் ஒரு பிள்ளை பேச்சுப் பாதியில் நின்றுபோய், கூப்பிட்டும் தொட்டும் திரும்பாமல், சில விநாடி கழித்து எதுவும் நடக்காதது போலத் தொடர்ந்தால் பட்டை வேண்டாம், அடி வேண்டாம். பெற்றோரைக் கூப்பிட்டு டாக்டரிடம் அனுப்புங்கள் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அதைச் சொல்லிக்கொடுக்க நான் தயார். நெல்லை, பாளை, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் வருகிறேன். ஆசிரியர்களோடு அரை மணி நேரம் கொடுத்தால் போதும். பணம் எதுவும் வேண்டாம், பஸ்ஸிலேயே வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஈ.ஈ.ஜி. டெக்னீஷியன்,
சேரன்மகாதேவி.